தமிழில் வந்த வைத்தியம்

நோய்பற்றிய செய்திகள் இன்று கைத்தொலைபேசியிற் குவிந்து கிடக்கின்றன. ஆயினும் அவை விளங்கும் மொழியில் இல்லையெனின் நோயாளிக்கு என்ன பயன்? இவ்வினாவை அன்றே எதிர்கொண்டவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன்.

1847இல் இலங்கைக்கு வந்த அவர், மானிப்பாயில் மாணவர்க்கு முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். கற்றவரோ அரசாங்க உத்தியோகத்தை நாடினர். கிராமத்துக்கு அவ்வறிவு எட்டவில்லை. ஆகவே 1864இல் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வாயில் என்றிருந்த காலத்தில் இஃது எளிய துணிவன்று.

நூலுக்கு எங்கே போவது? மாணவர் துணையுடன் தாமே மொழிபெயர்த்தார். கலைச்சொல்லை முதலில் தமிழிலே தேடினார். கிடையாதபோது வடமொழியை நாடினார். அதுவும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதினார். ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் தமிழ்ப்பணியைக் கைவிடவில்லை.