பாதியில் நின்ற அடுக்குமாடி மறுபடி வீடாகுமா? இரும்பு, சட்டம், பணம்... தாண்ட வேண்டிய தடைகள் என்ன?

தூண்களும் தளங்களும் மட்டும் எழும்பியிருக்கும். ஜன்னல் இருக்காது, கதவு இருக்காது. உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்திருக்கும். பெரிய நகரங்களில் இப்படி ஆண்டுக்கணக்கில் நிற்கும் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். இவற்றை மறுபடி கையில் எடுத்து, இன்றைய வசதிகளோடு கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்ற முடியுமா?

முடியும். டெல்லியை ஒட்டிய நொய்டாவில் அது நடந்திருக்கிறது. ஆனால், அதே நொய்டாவில் கட்டி முடிக்காத இரண்டு கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கவும் பட்டன. ஒன்று வீடாகிறது, இன்னொன்று தூசியாகிறது. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பிரச்னை எவ்வளவு பெரியது?

முடங்கிய குடியிருப்புத் திட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த அமிதாப் காந்த் குழு 2023ல் அறிக்கை தந்தது. நாடு முழுவதும் சுமார் 4.12 லட்சம் வீடுகள் இப்படிச் சிக்கலில் இருப்பதாக அதில் கூறப்பட்டது. பாதிக்கு மேல் டெல்லி தலைநகரப் பகுதியில்.

வீடு புக் செய்தவர்களுக்கு இது இரட்டை அடி. குடியேறாத வீட்டுக்கு இ.எம்.ஐ., குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை. இரண்டையும் மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

முதல் கேள்வி: கட்டடம் தாங்குமா?

கான்கிரீட் சும்மா நின்றாலே கெட்டுவிடாது. உள்ளே இருக்கும் கம்பிதான் பலவீனமான இடம். மழைநீரும் காற்றும் நுழைந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், சுற்றியுள்ள கான்கிரீட் விரிசல் விட்டு உதிரும்.

அதனால் முதலில் நடப்பது பரிசோதனை. கான்கிரீட் மேல் ஒரு கருவியால் தட்டி, அது எகிறும் அளவை வைத்துக் கடினத்தன்மையைப் பார்ப்பார்கள். ஒலி அலையைச் செலுத்தி உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் உருளை வடிவில் துளையிட்டு எடுத்து, ஆய்வகத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். பினாப்தலீன் கரைசலைத் தெளிக்கும் சோதனையும் உண்டு. கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறினால் கம்பிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம். நிறம் மாறவில்லை என்றால் பாதுகாப்பு போய்விட்டது.

பலவீனமான தூணைச் சுற்றிப் புதிய கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுத் தடிமனாக்கலாம். கார்பன் ஃபைபர் துணியைச் சுற்றியும் வலுப்படுத்தலாம். ஆனால் எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றிவிட முடியாது.

சென்னை மவுலிவாக்கம் இதற்கு உதாரணம். 2014 ஜூன் 28ல், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இரண்டாவது கேள்வி: சட்டம் விடுமா?

கட்டடம் உறுதியாக இருந்தாலும் அனுமதி சரியாக இல்லையென்றால் கதை முடிந்தது. நொய்டாவில் சூப்பர்டெக் நிறுவனத்தின் இரட்டைக் கோபுரங்கள் சுமார் 100 மீட்டர் உயரம். கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியை விடவில்லை, அங்கே ஏற்கெனவே வசித்தவர்களின் சம்மதத்தையும் பெறவில்லை என்று கூறி, 2021ல் இவற்றை இடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஆகஸ்ட் 28ல் சில விநாடிகளில் இரண்டும் தரைமட்டமாகின.

மூன்றாவது கேள்வி: கட்டடம் இப்போ யாருடையது?

பெரும்பாலான கட்டடங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். கட்டுமான நிறுவனம் கடனில் மூழ்கியிருக்கும். வங்கி, நிலம் கொடுத்த அரசு அமைப்பு, வீடு வாங்கியவர் என மூன்று தரப்பும் அதே கட்டடத்தில் உரிமை கேட்கும்.

ஆம்ரபாலி குழுமத்தின் திட்டங்கள் இப்படித்தான் முடங்கின. 42,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டியிருந்தார்கள். குழுமத்தின் விளம்பரத் தூதராக இருந்த மகேந்திர சிங் தோனியும், தான் வாங்கிய பென்ட்ஹவுஸ் தொடர்பாக உச்ச நீதிமன்றத்தை நாடினார். வீடு வாங்கியவர்களின் பணத்தில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் வேறு பக்கம் திருப்பிவிடப்பட்டதாகத் தணிக்கை காட்டியது.

2019 ஜூலை 23ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆம்ரபாலியின் ரேரா பதிவும் நிலக் குத்தகையும் ரத்தாகின. உரிமைகள் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் கைக்குப் போயின. புதுச்சேரியில் பிறந்தவரும், பின்னர் 2022ல் இந்தியாவின் அட்டர்னி ஜெனரல் ஆனவருமான ஆர்.வெங்கடரமணிதான் அந்த ரிசீவர். மீதி வேலையை முடிக்கும் பொறுப்பு, 8 சதவீத கமிஷனில் மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் தரப்பட்டது.

தீர்ப்பின் முக்கிய அம்சம் வேறு. வங்கிகளும் நொய்டா நிர்வாக அமைப்புகளும் தங்கள் பாக்கிக்காக இந்த வீடுகளில் கைவைக்கக் கூடாது, குழுமத்தின் மற்ற சொத்துகளில்தான் வசூலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் முதலில் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே வேலை நகர்ந்தது.

அப்போ பணம் எங்கிருந்து வரும்?

ஆம்ரபாலியில், வாங்கியவர்கள் தர வேண்டிய மீதித் தொகை நீதிமன்றக் கண்காணிப்பில் உள்ள கணக்கில் செலுத்தப்பட்டது. விற்காமல் கிடந்த வீடுகள் விற்பனைக்கு வந்தன. வங்கிகளும் கூட்டாகக் கடன் தர முன்வந்தன.

மற்ற திட்டங்களுக்கு 'ஸ்வாமி' நிதி இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் பணமில்லாமல் நிற்கும் திட்டங்களுக்காக 2019 நவம்பரில் 25,000 கோடி ரூபாய் இலக்குடன் மத்திய அரசு இதை அறிவித்தது. இதன் மூலம் 50,000 வீடுகள் முடிக்கப்பட்டதாக 2025 பட்ஜெட்டில் கூறப்பட்டது. மேலும் 1 லட்சம் வீடுகளை முடிக்க 15,000 கோடி ரூபாயில் இரண்டாவது நிதியும் அறிவிக்கப்பட்டது.

பழைய பிளானை அப்படியே கட்டலாமா?

பெரும்பாலும் முடியாது. பல ஆண்டுகளில் நிலநடுக்க விதிகளும் தீயணைப்பு விதிகளும் மாறியிருக்கும். தூண்களையும் பீம்களையும் நகர்த்த முடியாது. ஆனால் அவை எடையைத் தாங்கும் கட்டடத்தில் இடையில் வரும் சுவர்கள் வெறும் தடுப்புதான். அதனால் அறைகளை மாற்றி அமைக்கலாம், பெரிய ஜன்னல், பால்கனி வைக்கலாம்.

அலுவலகத்துக்காகக் கட்டியதை வீடாக்குவது இன்னும் கஷ்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறை, கழிவறைக் குழாய்கள் இறங்க வழி வேண்டும். எல்லா அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வர வேண்டும். பயன்பாட்டை மாற்ற தனி அனுமதியும் தேவை.

முடிவெடுக்காமல் விட்டால்?

தாய்லாந்தின் பாங்காக்கில் நிற்கிறது சாத்தோர்ன் யூனிக் கோபுரம். ஆடம்பர அடுக்குமாடியாகத் தொடங்கிய கட்டுமானம், 1997 ஆசிய நிதி நெருக்கடியில் நின்றது. பெரும்பகுதி எழும்பியும் வீடாகவில்லை. ஊர் மக்கள் அதைப் 'பேய்க் கோபுரம்' என்கிறார்கள். அதே கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஸ்டேட் டவர், அதே நகரில் 2001ல் முடிந்து இன்று ஹோட்டலும் குடியிருப்புமாக இயங்குகிறது.

இப்படி ஒரு வீட்டை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- புதிய கட்டுமான நிறுவனத்தின் பெயரில் ரேரா பதிவு இருக்கிறதா?
- கட்டட உறுதி குறித்த ஆய்வறிக்கை உள்ளதா? எந்த ஆண்டு எடுத்தது?
- வில்லங்கச் சான்றில் பழைய கடன் ஏதும் நிற்கிறதா?
- திட்ட அனுமதியும் தீயணைப்புத் துறைச் சான்றும் புதுப்பிக்கப்பட்டவையா?
- பணி நிறைவுச் சான்று கிடைத்துவிட்டதா?

ஏற்கெனவே பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்கும் சட்டத்தில் வழி உண்டு. ரேரா சட்டம் 18வது பிரிவின்படி, குறித்த நேரத்தில் வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நிறுவனத்தின் பதிவு ரத்தானால், மீதி வேலையைத் தாங்களே ஏற்று முடிக்க 8வது பிரிவு வீடு வாங்கியவர்களின் சங்கத்துக்கு முதல் வாய்ப்பு தருகிறது. அந்த வாய்ப்பைச் சீக்கிரம் பயன்படுத்துவது நல்லது. வழக்கு நடக்கிறது என்பதற்காகத் துரு காத்திருக்காது. ஒவ்வொரு மழைக்காலம் தள்ளிப்போகும்போதும் பழுதுபார்க்கும் செலவு ஏறும். கடைசியில் அதுவும் வாங்கியவர் தலையில்தான் வந்து விழும்.