ஒழுங்குக் கோவைகளின் பெறுதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவியல் வரலாற்றிற் சில கருத்துக்கள் தோன்றிய காலத்திலன்றிப் பின்னரே உரிய இடத்தைப் பெறுகின்றன. ஒழுங்குக் கோவையின் பெறுதி என்னும் கருத்தும் அத்தகையதே.

நரம்புக் கலங்களின் வலையை 1943 இல் மக்கலக், பிற்ஸ் என்னும் இருவர் கணித முறையில் விவரித்தனர். அவ்வலைகள் எத்தொடர்களை இனங்காண வல்லன என்பதை அமெரிக்க அறிஞர் ஸ்ரீபன் கிளேனி 1951 இல் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1956 இல் நூலொன்றில் வெளியாயிற்று. எழுத்துக்களை ஒன்றிப்பு, அடுக்கு, மீள்வு என்னும் மூன்று செய்கைகளால் இணைத்துப் பெறுவன ஒழுங்குக் கோவைகள். முடிவுள்ள நிலைகளையுடைய பொறி இனங்காணும் தொடர்த்தொகுதிகளும் இக்கோவைகள் குறிப்பனவும் ஒன்றே என அவர் நிறுவினார்.

கோவையிலிருந்து பொறியை நேரே பெறும் வழியை 1964 இல் காட்டியவர், வார்சோவிற் பிறந்த யானுஷ் பிர்சோசோவ்ஸ்கி. கோவை குறிக்கும் சொற்களுள் ஓரெழுத்தில் தொடங்குவனவற்றை எடுத்து, அம்முதலெழுத்தை நீக்குக. எஞ்சுவனவற்றைக் குறிக்கும் கோவையே பெறுதியாம். 'க' எத்தனை முறையேனும் வந்து, ஈற்றில் 'ப' ஒருமுறை வரும் கோவையைக் கொள்வோம். 'க'வை நீக்கின் அதே கோவை மீளும். 'ப'வை நீக்கின் வெறுஞ்சொல்லே எஞ்சும். அதன்மேல் எவ்வெழுத்து வரினும் ஒன்றும் எஞ்சாது. ஆகவே இப்பொறிக்கு மூன்று நிலைகளே போதும்.

கோவையை ஒரு மரமாக வரையலாம். செய்கைகள் கிளை பிரியும் கணுக்கள், எழுத்துக்கள் இலைகள். பெறுதி காணுங்கால் வேரிலிருந்து இலைவரை சென்று, ஒவ்வொரு கணுவுக்கும் உரிய விதியால் புதிய மரம் ஆக்கப்படும். மரங்கள் முடிவின்றிப் பெருகாவோ? ஒன்றிப்பின் வரிசை, சேர்க்கைமுறை, இரட்டிப்பு ஆகியவற்றால் மட்டும் வேறுபடும் மரங்களை ஒன்றெனக் கொள்ளின், வெவ்வேறான பெறுதிகள் முடிவுள்ளனவே என அவர் நிறுவினார். இதுவே அவ்வாய்வின் உயிர்நாடி.

கென் தொம்சன் 1968 இல் ஐ.பி.எம். 7094 கணினிக்கு எழுதிய தேடல் நிரலும், எழுத்தெழுத்தாகப் பெறுதி காண்பதே என அவரே குறிப்பிட்டார். எனினும் பாடநூல்களிற் பெரிதும் இடம்பெற்றது அவரது பொறியாக்க முறையே, பெறுதி பின்தங்கியது. 1996 இல் அந்திமிரோவ் பெறுதியைப் பகுதிகளாகப் பிரித்தார். கோவையில் எழுத்துக்கள் n இடங்களில் வரின், அப்பகுதிகள் n+1 இற்கு மேற்படா எனவும் காட்டினார். 2009 இல் ஓவன்ஸ், ரெப்பி, துரோன் ஆகியோர் பெறுதியை மீளவும் ஆராய்ந்து, சொற்பிரிப்பு நிரலாக்கத்திற்கு அது பெரிதும் உகந்ததெனக் கண்டனர்.

எதிர்மறையும் வெட்டும் கோவையில் வரினும் பெறுதியின் விதி எளிதாகவே அமையும். இச்சிறப்பு 1964 ஆம் ஆண்டின் கட்டுரையிலேயே உள்ளது. அதனை உணர்ந்து பயன்கொள்ளவே நாற்பதாண்டுகளுக்கு மேற் சென்றன. பழைய கட்டுரைகளை மீளப் படித்தல் வீண்செயலன்று என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.