கோட்டுருவிலிருந்து மெய்யுருவுக்கு: யப்பானியக் கணினி விளையாட்டுகளில் பாத்திர உருவமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யப்பானிய மங்கா நூல்களிலும் அனிமேப் படங்களிலும் காணப்படும் முகங்கள் இன்று உலகெங்கும் அறிமுகமானவை. முகத்திற் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் கண்கள், ஒரு கீற்றளவேயான மூக்கு, சிறிய வாய், புவியீர்ப்புக்குக் கட்டுப்படாத தலைமயிர் ஆகியன அவற்றின் இலக்கணம் எனலாம். கோடுகளாலான இவ்வுருவங்களைத் தோலும் தசையும் நிழலும் உடைய முப்பரிமாண மனிதர்களாகக் கணினி விளையாட்டுகளிற் பெயர்த்தமைக்கும் முயற்சி 1990களின் பிற்பகுதியிலிருந்து நடைபெற்று வருகின்றது. இதனைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் இயல்பான விளைவென்றே பலரும் கொள்வர். முன்னர் இயலாதிருந்தது இப்பொழுது இயல்கின்றது, ஆதலாற் செய்யப்படுகின்றது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் வரலாறு இல்லை. கோட்டுருவம் தோன்றியமைக்கும் மெய்யுருவம் வேண்டப்பட்டமைக்கும் வெவ்வேறு சமூக, பொருளாதாரக் காரணங்கள் உள. ‘பைனல் பான்டசி’ என்னும் விளையாட்டுத் தொடரை முதன்மைச் சான்றாகக் கொண்டு அவற்றை ஈண்டு நோக்குவோம்.

வரைமரபுக்குட்பட்ட உருவத்தை மெய்போலத் தீட்டும் சிக்கல் கணினியோடு தோன்றியதன்று. 1872 ஆம் ஆண்டிலே தகஹாஷி யூஇச்சி என்னும் ஓவியர் கொஇனே என்ற கணிகையை எண்ணெய்வண்ணத்தில் தீட்டினார். வழக்கொழிந்து கொண்டிருந்த கணிகையரின் கொண்டையலங்காரத்தைப் பதிவு செய்து வைத்தலே அவ்வோவியத்தின் நோக்கமாக இருந்தது. அதுவரை கணிகையர் மரச்செதுக்கு அச்சோவியங்களிலே நீண்ட முட்டை முகமும் கீற்றுக் கண்களும் கொண்டவர்களாகவே காட்டப்பட்டு வந்தனர். ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய உதவியவை உடையும் பெயரும் கொண்டையுமே. தகஹாஷியோ தடித்த உதட்டையும் சோர்ந்த கன்னத்தையும் கண்டவாறே தீட்டினார். ஓவியத்தைக் கண்ட கொஇனே, இது தன் முகமன்று எனக் கூறி அழுதாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவளது அழுகையை அறியாமையெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் தன் தொழிலுக்கும் மதிப்புக்கும் ஆதாரமாயிருந்த ஒரு முகம் தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதை அவள் நன்கு உணர்ந்திருந்தாள் என்றே நாம் கருதுகிறோம்.

மெய்யுருவ ஓவியம் மெய்ஜி ஆட்சியில் வெறும் கலையாகக் கொள்ளப்படவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது. 1876 இல் இத்தாலிய ஓவியர் பொந்தனேசி முதலியோரைக் கொண்டு நிறுவப்பட்ட நுண்கலைப் பள்ளி பொதுவேலை அமைச்சின் கீழ் இயங்கியது. இருப்புப்பாதையும் தந்தியும் எந்த அமைச்சின் பொறுப்போ, அதே அமைச்சே ஒளிநிழல் தீட்டும் முறையையும் இறக்குமதி செய்தது. இதற்கு எதிர்வினையாக 1880களில் பெனலோசா, ஒககூரா ஆகியோர் மரபோவியத்தை உயர்த்திப் பேசினர். 1889 இல் வகுப்புகளைத் தொடங்கிய டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் 1896 வரை மேனாட்டு ஓவியத்துக்கு இடமிருக்கவில்லை. (இவ்விருவரும் கடமையாற்றிய போஸ்டன் நுண்கலை நூதனசாலையிலேயே பின்னர், 1917 முதல், நம் ஆனந்த குமாரசுவாமியும் கடமையாற்றினார் என்பது இவ்விடத்து நினைவுக்கு வருகிறது.) ஆகவே கோடா நிழலா என்னும் வினா யப்பானில் எப்பொழுதும் தேசம், தொழில், இறக்குமதி ஆகியவற்றோடு பிணைந்த வினாவாகவே இருந்துள்ளது.

இனி, அனிமேயின் கோட்டுருவுக்கு வருவோம். இதனைப் பழைய அச்சோவியத்தின் நேர் வாரிசாகக் காட்டுவோர் உளர். அது பெருமளவு பிற்காலப் புனைவு. தெசுகா ஒசாமுவின் பெருங்கண் உருவங்களுக்கு டிஸ்னி முதலிய அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களும், அவர் சிறுவயதில் வாழ்ந்த தக்கராசுக்கா நகரின் மகளிர் நாடகக்குழுவின் கண்ணொப்பனையும் ஆதாரமாயின. 1963 ஜனவரி முதலாம் நாள் அவரது ‘அணுச் சிறுவன்’ தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரந்தோறும் அரைமணி நேர நிகழ்ச்சியொன்றைக் குறைந்த செலவில் வரைந்து முடிக்க வேண்டிய நெருக்கடியில், ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரையில் எட்டுச் சித்திரங்களே வரையப்பட்டன. ஒரு சித்திரம் மூன்று சட்டகங்களுக்கு நின்றது. பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. வரைந்த தாள்கள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. உடல் அசையாத இடத்து உணர்ச்சி முழுவதையும் கண்ணே சுமக்க வேண்டியதாயிற்று. கூரிய மயிர்க்கற்றை எத்திசையிலிருந்து பார்ப்பினும் பாத்திரத்தை இனங்காட்டிற்று. கோடு குறைந்தால் வரைவோரின் உழைப்பு மணிகள் குறைந்தன. அழகியல் என நாம் இன்று வியப்பதிற் பெரும்பகுதி அன்று சிக்கனமாகவே பிறந்தது. இவ்வாறு கூறுவதால் அதன் அழகு குறைந்துவிடாது; வறுமையிற் பிறந்த வடிவங்கள் பல உயர்ந்த கலையாகியுள்ளன.

விளையாட்டுப் பொறிகளில் இச்சிக்கனம் மேலும் இறுகியது. 1983 இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட பமிகொம் பொறியிலே அசையும் உருவத்தின் ஒவ்வொரு கூறும் எட்டுக்கு எட்டு அல்லது எட்டுக்குப் பதினாறு படப்புள்ளிகளால் ஆனது. அதற்கு மூன்று நிறங்களே கிடைத்தன. 1987 டிசெம்பரில் வெளிவந்த முதலாவது ‘பைனல் பான்டசி’ விளையாட்டுக்குப் பாத்திரங்களை வரைந்தவர் அமானோ யொஷிதக்கா. பதினைந்து வயதில் தத்சுனொக்கோ அனிமேக் கூடத்தில் சேர்ந்து தொழில் பயின்ற இவர், பின்னர் நீர்வண்ணக் கறையும் மெல்லிய கோடும் கலந்த தனிப்பாணியொன்றை வளர்த்துக்கொண்டவர். அவருடைய புகைபோன்ற உருவங்களைப் பதினாறு புள்ளி அகலமும் இருபத்துநான்கு புள்ளி உயரமும் உடைய சிறு பொம்மைகளாகப் பெயர்த்தவர் ஷிபுயா கசுக்கோ என்னும் பெண் கலைஞர். அச்சிறு பரப்பில் முகம் தெரிய வேண்டின் தலை பெருக்க வேண்டும்; ஆகவே தலை, உடல் என்னும் இரு கூறுகளாகவே மனிதன் சுருங்கினான். விளையாடுவோர் அமானோவின் சித்திரத்தைக் கையேட்டிலும் ஷிபுயாவின் பொம்மையைத் திரையிலும் கண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒருவனைத் தம் மனத்திலே ஆக்கிக்கொண்டனர். அந்த ஆக்கத்தில் அவர்களுக்கும் பங்கிருந்தது. அமானோவின் பெயரைப் பலர் அறிவர். புள்ளி புள்ளியாக உழைத்த ஷிபுயாவை வரலாறு பிந்தியே கண்டுகொண்டது.

1997 ஜனவரி 31 இல் பிளேஸ்டேசன் பொறிக்கென வெளிவந்த ஏழாவது விளையாட்டு ஒரு திருப்புமுனை. சில்லுப் பேழைக்குப் பதிலாக மூன்று குறுந்தட்டுகள் பயன்பட்டன. தட்டைப் பொம்மைகளுக்குப் பதிலாகப் பல்கோணங்களாலான முப்பரிமாண உருவங்கள் வந்தன. பாத்திரங்களை வரைந்தவர் நொமுரா தெத்சுயா. நாயகன் கிளவுட்டின் முதல் வரைவில் கரிய மயிர் பின்னோக்கி வழித்துவிடப்பட்டிருந்தது. பல்கோணங்களின் தொகையைக் குறைத்தல் அதற்கான காரணங்களுள் ஒன்று. நாயகன் தனித்துத் தெரிய வேண்டுமென்பதற்காகவே பின்னர் முட்போன்ற மஞ்சள் மயிர் அமைக்கப்பட்டது. இவ்விளையாட்டில் ஒரே கிளவுட் மூன்று உடல்களோடு தோன்றுகிறான். ஊரில் நடமாடும்போது பெருந்தலையும் விரலற்ற கட்டைக் கைகளும் உடைய பொம்மை. போரிடும்போது ஓரளவு மனித அளவு கொண்ட உருவம். முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட காட்சித் துண்டுகளிலே வேறொன்று. இம்முரண்பாட்டை எவரும் பெருங்குறையாகக் கொண்டதாகத் தெரியவில்லை. 1999 இல் வந்த எட்டாவது விளையாட்டு இம்மூன்றையும் ஒன்றாக்கி, எங்கும் மனித அளவுடைய உருவங்களையே பயன்படுத்தியது.

இத்தொடரைத் தோற்றுவித்த சகாகுச்சி ஹிரோனோபு இதற்கும் அப்பாற் சென்றார். ஹவாயின் ஹொனொலூலு நகரிலே ஸ்குவெயர் நிறுவனம் அமைத்த கூடத்தில் ஏறத்தாழ 200 பேர் நான்கு ஆண்டுகள் உழைத்து முழுநீளத் திரைப்படமொன்றைக் கணினியிலே ஆக்கினர். அதன் நாயகி அக்கி ரொஸ்ஸின் தலையில் ஏறத்தாழ 60,000 மயிர்கள் தனித்தனியே கணிக்கப்பட்டன. 2001 யூலையில் வெளிவந்த அப்படத்துக்கு 137 மில்லியன் டொலர் செலவாயிற்று. உலகெங்கும் கிடைத்த வசூல் 85 மில்லியன் அளவே. கூடம் மூடப்பட்டது, 2003 இல் ஸ்குவெயர் தன் நெடுநாட் போட்டியாளரான எனிக்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. இத்தோல்வியை விளக்குவோர் பொறியியலாளர் மொரி மசஹிரோ 1970 இல் எழுதிய சிறு கட்டுரையை எடுத்தாள்வது வழக்கம். பொறியுருவம் மனிதனை நெருங்க நெருங்க நம் ஈடுபாடு வளரும். மிக நெருங்கியதோர் இடத்தில் அது திடீரென அருவருப்பாக வீழ்ந்துவிடும் என்பது அவர் கருத்து. இக்கருத்து ஓரளவே உண்மையை விளக்கும். அக்கி ரொஸ்ஸின் முகம் அச்சமூட்டியது என்பதிலும் பார்க்க, அவளிடம் நினைவிற் கொள்ளத்தக்க முகமே இருக்கவில்லை என்பது பொருந்தும். மயிரிழைகளை எண்ணியோர் கோட்டுருவின் மிகைப்படுத்தலை முற்றாகக் கைவிட்டனர். அதற்கு ஈடாக எதனையும் வைக்கவில்லை.

2020 ஏப்பிரலில் வெளிவந்த ஏழாவது விளையாட்டின் மறுவாக்கம் இப்பாடத்தைக் கற்றிருந்தது. அமெரிக்க நிறுவனமொன்றின் ‘அன்ரியல்’ என்னும் கணினி அடித்தளத்தின் மீது, நொமுராவே நெறியாளராக அமைய, கிளவுட் மீண்டும் உருவாக்கப்பட்டான். தோலின் கீழ் ஒளி ஊடுருவுகின்றது. கம்பளி உடையில் நூலிழை தெரிகின்றது. ஆயின் கண்கள் மனிதக் கண்ணிலும் பெரியன, மூக்கு சிறியது, மோவாய் கூரியது, மயிர் இழையிழையாகத் தீட்டப்பட்டும் முட்களாகவே நிற்கின்றது. மெய்யுருவின் தோலைப் போர்த்த கோட்டுருவம் அது. இவ்விட்டுக்கொடுப்பு எங்கெல்லாம் இடறுகின்றது என்று பார்ப்பது பயனுடையது. கோட்டுச் சித்திரத்திலே பலரும் பொருட்படுத்தாத பெண்ணுடல் மிகைப்படுத்தல், எடையும் அசைவும் பெற்றவுடன் உறுத்தத் தொடங்கியது. நிறுவனத்தின் நெறிமுறைப் பிரிவு வற்புறுத்தியதாலே டீபா என்னும் பாத்திரத்துக்கு உடலை இறுக்கும் உள்ளுடை சேர்க்கப்பட்டதென நொமுரா 2019 இற் கூறினார். இதனைவிடக் கவனிக்க வேண்டியது மற்றொன்று. நாயகரின் முகங்கள் மாசுமறுவற்ற கோட்டுருவின் வாரிசுகளாயிருக்க, சேரிவாசிகளாக வரும் பெயரற்ற மாந்தர் சாதாரண மனித முகங்களோடு நிற்கின்றனர். ஒரே தெருவில் இருவகை மனிதர்! உருவமைப்பிலேயே ஒரு வர்க்கப் பிரிவினை புகுந்துவிட்டது.

இவ்விடத்து நம் விமரிசன மரபில் நன்கு பேசப்பட்ட வேறுபாடொன்றை நினைவுகூர்வது தகும். யதார்த்தவாதம் வேறு, இயற்பண்புவாதம் வேறு. புறத்தோற்றங்களை நுணுக்கமாக அடுக்குவது பின்னது. சமூக உறவுகளின் இயக்கத்தை வகைமாதிரியான மாந்தர் வாயிலாக வெளிக்கொணர்வது முன்னது. விளையாட்டுத் தொழிற்றுறை ‘யதார்த்தம்’ என விளம்பரப்படுத்துவது பெரும்பாலும் இயற்பண்புவாதமே. 1997 ஆம் ஆண்டின் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பூமியின் உயிராற்றலை உறிஞ்சி மின்சாரமாக விற்கும் ஷின்ரா நிறுவனம், உருக்குத் தளங்களின் மேல் வசதி படைத்தோரும் கீழே சூரியனற்ற சேரிகளில் ஏழைகளும் வாழும் மிட்கார் நகரம், கிளர்ச்சியாளரை ஒழிக்கத் தளமொன்றையே சேரியின் மீது வீழ்த்தும் ஆட்சி ஆகியவற்றை வாயற்ற கட்டைப் பொம்மைகள் நடித்துக் காட்டின. அங்கே சேரியின் அழிவு சில கணங்களில் முடிந்து, ஈவிரக்கமின்றி நம் முன் நின்றது. 2020 இல் அச்சேரிவாசிகளுக்கு முகமும் குரலும் கிடைத்தன. அது பெரும் பேறு, மறுப்பதற்கில்லை. ஆனால் தளம் வீழுமுன் மக்களை வெளியேற்றும் நீண்ட காட்சி சேர்க்கப்பட்டு, பலர் உயிர்தப்புகின்றனர். முகங்கொடுத்த மாந்தரைக் கொல்வது ஆக்கியோருக்கே கடினமாகியிருக்கலாம். எவ்வாறாயினும் வடிவம் நுணுகிய இடத்தில் குற்றச்சாட்டு மழுங்கியது என்பது நம் கணிப்பு.

செலவின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1997 இல் மிட்கார் நகரம் கதையின் தொடக்கப் பகுதி மட்டுமே; அதன்பின் ஓர் உலகமே மூன்று குறுந்தட்டுகளில் விரிந்தது. 2015 இல் அறிவிக்கப்பட்டு 2020 இல் வந்த மறுவாக்கமோ மிட்கார் நகரோடு முடிவடைகின்றது. முழுக்கதையும் மூன்று விளையாட்டுகளாக வகுக்கப்பட்டது. இரண்டாவது 2024 பெப்ரவரி 29 இல், இரு தட்டுகளில் வெளிவந்தது. ஒரு கதவுப்பிடியும் ஒரு போத்தலும் எவரோ ஒருவரால் அருகிருந்து பார்க்குமளவுக்குச் செய்யப்பட வேண்டியுள்ளபோது உலகம் குறுகாமல் என்ன செய்யும்? அந்த ‘எவரோ’ யாரென்னும் வினாவும் உண்டு. யப்பானிய அனிமே நிறுவனங்கள் 1970களிலிருந்து கொரியாவுக்கும் பின்னர் பிலிப்பைன்சுக்கும் வரைவு வேலையை அனுப்பிவந்தன. விளையாட்டுத் துறையும் அவ்வழியிலேயே தன் உருவாக்க வேலைகளைக் குறைந்த கூலி நாடுகளுக்கு அனுப்பத் தலைப்பட்டது. இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியல் நீண்டுகொண்டே போகின்றது. எவரும் அதனைப் படிப்பதில்லை.

மெய்யுருவே இறுதி நிலையமென்று கொள்வோருக்கு மறுப்பாக எதிர்த்திசைப் பயணமும் நடந்துள்ளது. 2000 இல் சேகா நிறுவனத்தின் ‘ஜெற் செற் ரேடியோ’ முப்பரிமாண உருவங்களுக்குத் தடித்த கோடும் தட்டை நிறமும் பூசியது. 2014 இல் யொக்கொஹாமாவின் ஆர்க் சிஸ்டம் வேர்க்ஸ் நிறுவனம் தன் ‘கில்ற்றி கியர்’ தொடரின் புதிய விளையாட்டிலே மேலும் முன்சென்றது. கணினி தானாகவே இடைநிரப்பித் தரும் வழுவழுப்பான அசைவை அதன் கலைஞர்கள் வேண்டாமென ஒதுக்கினர். ஒவ்வொரு நிலையையும் கையாலே அமைத்து, வெட்டிவெட்டி நகரும் பழைய தொலைக்காட்சி அனிமேயின் அசைவைத் திரும்பக் கொணர்ந்தனர். முகத்தின் மீது நிழல் விழும் எல்லையையும் இயற்பியலுக்கு விடாது, ஒளியின் திசையைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் தாமே திருத்தினர். 1963 இல் போதிய பணமும் நேரமும் இன்மையால் விடப்பட்ட இடைச் சித்திரங்கள், அரை நூற்றாண்டின் பின்னர், மிகுந்த உழைப்பைச் செலவிட்டு நீக்கப்பட்டன.