தொலைபேசிச் சேவைத் தரம்

அழைப்பு கிடைக்கிறதா, பேச்சு தெளிவாகக் கேட்கிறதா, பாதியில் அறுந்துபோகிறதா என்பதை எண்களால் அளந்து, அந்த அளவைக் கொண்டே வலையமைப்பை நடத்தும் முறை.

இதற்குக் கணித அடித்தளம் இட்டவர் டென்மார்க்கின் அக்னர் கிராரூப் எர்லாங் (1878–1929). கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் 1908இல் சேர்ந்த இவர், ஏணி சுமந்துவரும் பணியாளர் ஒருவருடன் தெருத்தெருவாகச் சென்று, கேபிள் குழிகளில் தாமே இறங்கி அளவெடுத்தார். இத்தனை லைன், இவ்வளவு பேச்சு என்றால் நூறு அழைப்பில் எத்தனை கிடைக்காமல் போகும் என்று சொல்லும் சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிட அழைப்புகள் 30 வந்தால் அந்தச் சுமை 1 எர்லாங். அலகுக்கு அவர் பெயர் 1946இல் சூட்டப்பட்டது. நூற்றுக்கு ஓர் அழைப்பு தவறலாம் என்று வைத்துக்கொண்டால், 10 லைன்கள் 4.46 எர்லாங் தாங்கும். 20 லைன்களோ 12 எர்லாங் தாங்கும். லைன் இரட்டித்தால் தாங்குதிறன் இரண்டரை மடங்கையும் தாண்டுகிறது. நெரிசல் மிக்க நேரத்துக்குக் கணக்கிட்டுத்தான் லைன் போட வேண்டும் என்ற வழக்கம் இன்றும் மாறவில்லை.

பேச்சின் தெளிவை அளக்க மனிதக் காதுகளே கருவியாயின. பலரை அமர்த்தி, வாக்கியங்களைக் கேட்கவைத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கிச் சராசரி காண்பார்கள். இம்முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.800 என்ற பரிந்துரையாக 1996இல் செம்மைப்படுத்தியது. அந்த மதிப்பெண்ணைக் கணினியே கணிக்கும் 'பெஸ்க்' முறை 2001இல் வந்தது.

இந்தியாவில் அளவுகோல்களை வகுப்பது 1997இல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். துண்டிக்கப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் 1 ரூபாய், நாளுக்கு மூன்று அழைப்புகள் வரை இழப்பீடு தர வேண்டும் என்று 2015 அக்டோபரில் அது விதித்தது. உச்ச நீதிமன்றம் 2016 மே 11இல் அதை ரத்து செய்தது. டிராய் அடுத்துச் செய்ததே உண்மையான திருத்தம். அதுவரை முழுத் தொலைத்தொடர்பு வட்டத்தின் சராசரித் துண்டிப்பு 2 விழுக்காட்டுக்குள் இருப்பதே முக்கிய அளவுகோலாக இருந்தது. நன்றாக இயங்கும் ஆயிரம் டவர்களின் கணக்கில், தினமும் அழைப்பு அறுபடும் ஒரு தெருவின் அவதி காணாமல் போகும். 2017 விதியோ, குறைந்தது 90 விழுக்காடு செல்கள் (டவரின் அலை எட்டும் பகுதிகள்), குறைந்தது 90 விழுக்காடு நாட்களில் அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றது. சந்தாதாரர் பக்கம் நின்று அளப்பது இதுவே.

ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்கிறது 2024 விதி. தனித்தனியாக அறுபடும் அழைப்புக்கு இழப்பீடு கிடையாது.