மைதானத்து முழக்கம் ஆட்டத்தை வெல்லுமா?

தொண்டை கிழியக் கத்தும் ஒரு மனிதனின் வாயிலிருந்து வெளிப்படும் ஒலியின் திறன் எவ்வளவு? ஏறத்தாழ ஒரு மில்லிவாட். ஐம்பதாயிரம் பேர் ஒருசேரக் கத்தினாலும் ஐம்பது வாட்தான்! நம் வீட்டுத் திண்ணையில் முன்பு எரிந்துகொண்டிருந்த அறுபது வாட் குண்டு பல்பின் திறனைக்கூட அது எட்டாது.

ஒலியியல் பாடம் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஒரு முறை பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "சார், சொந்த ஊரில் ஆடும் அணிக்கு ரசிகர்களின் ஆரவாரமே பாதி பலம் என்கிறார்களே. ஐம்பது வாட்டுக்கு அவ்வளவு சக்தியா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கோ உடனே விடை சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டேன். பிறகு தேடிப் படித்ததில், அந்தக் கேள்விக்கு நல்ல வரலாறு ஒன்று ரக்பி ஆட்டத்தில் இருப்பதைக் கண்டேன்.

ரக்பி நம் நாட்டில் பலரும் பார்த்திராத ஆட்டம். அணிக்குப் பதினைவர். முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது 'டிரை'. இரு கம்பங்களுக்கு இடையே, குறுக்குக் கட்டைக்கு மேலாக உதைத்தும் புள்ளிகள் பெறலாம். இவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும்.

நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஆட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. 1873இல் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ரக்பி ஆடுவதற்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அது கலைந்தது. கலையும்போது வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, 270 நாணயங்களை உருக்கி, நாகப்பாம்புகளைக் கைப்பிடிகளாகவும் யானையை மூடியின் மேலும் வைத்து ஒரு கோப்பை செய்து அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது இந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான். இந்தக் கோப்பையிடம் பின்னர் மீண்டும் வருவோம்.

கார்டிஃப், 1905

1905 டிசம்பர் 16. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் ஆர்ம்ஸ் பார்க் மைதானம். ஏறத்தாழ 47,000 பேர் திரண்டிருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள், இரும்பாலைத் தொழிலாளர்கள், துறைமுகத்துக் கூலிகள். வந்திருந்த எதிரணியோ நியூசிலாந்து. கறுப்புச் சட்டையணிந்த அந்த அணி, அந்தச் சுற்றுப்பயணத்தில் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்றையும் வென்றுவிட்டுத்தான் கார்டிஃபுக்கு வந்தது.

நியூசிலாந்து அணியினர் ஆட்டத்துக்கு முன்பு மாவோரி மக்களின் 'ஹாக்கா' நடனத்தை ஆடுவார்கள். காலால் தரையை அறைந்து, கண்ணை உருட்டி, ஓங்கிய குரலில் ஆடும் அந்த நடனம் எதிரில் நிற்பவர் நெஞ்சைக் கலக்கும். இதற்குப் பதில் என்ன? வேல்ஸ் ரக்பி நிர்வாகிகளில் ஒருவரான டாம் வில்லியம்ஸ் ஒரு யோசனை சொன்னார்: ஹாக்கா முடிந்ததும் நம் ஆட்டக்காரர்கள் ஒரு பாட்டைத் தொடங்கட்டும், கூட்டமும் சேர்ந்து பாடட்டும்.

அந்தப் பாட்டு வேல்ஸ் மொழிப் பாட்டு. 'என் தந்தையரின் பழைய நாடு' என்பது அதன் பெயரின் பொருள். பான்டிபிரித் என்னும் ஊரில் எவான் ஜேம்ஸ் என்ற நெசவாளி சொற்களையும், அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் மெட்டையும் 1856இல் அமைத்தார்கள். ஆங்கிலத்தின் நிழலில் ஒதுங்கிக் கிடந்த ஒரு மொழியின் பாட்டு அது. அன்று ஹாக்கா முடிந்ததும் டெடி மார்கன் என்ற ஆட்டக்காரர் அதைத் தொடங்கினார். மற்ற ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள், கூட்டம் சேர்ந்தது. விளையாட்டுப் பந்தயத்தின் தொடக்கத்தில் நாட்டுப் பண் பாடும் வழக்கமே அன்றுதான் பிறந்தது என்று வேல்ஸ் மக்கள் பெருமையுடன் கூறுவார்கள்.

ஆட்டம் 3-0. வேல்ஸ் வென்றது! அன்றைய ஒரே டிரையை அடித்தவரும் பாட்டைத் தொடங்கிய அதே டெடி மார்கன்தான். அந்தப் பயணத்தில் நியூசிலாந்து ஆடிய 35 ஆட்டங்களில் தோற்றது இது ஒன்றில் மட்டுமே.

இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். கோட்டைத் தாண்டிப் பந்தைப் பதித்துவிட்டதாகவும், வேல்ஸ் ஆட்டக்காரர்கள் தம்மைப் பின்னுக்கு இழுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். பின்தங்கி ஓடிவந்த ஸ்காட்லாந்து நடுவர் ஜான் டல்லாஸ் அருகில் வந்தபோது பந்து கோட்டுக்கு இப்பால் இருந்தது. டிரை இல்லை என்றார். டீன்ஸ் ஒரு செய்தித்தாளுக்குத் தந்தி அடித்துத் தம் கட்சியை உறுதி செய்தார். 1908இல் அவர் இளம் வயதிலேயே இறந்தார். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை.

ஆகவே, பாட்டுத்தான் வென்றதா? அவசரப்பட வேண்டாம். அந்த ஆண்டு வேல்ஸ், அண்டை நாடுகள் மூன்றையும் வென்றிருந்த அணி. நியூசிலாந்தின் ஆட்ட முறையை முன்கூட்டியே ஆராய்ந்து அதற்கேற்பத் தம் ஆட்டக்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். மார்கனின் டிரையும் திட்டமிட்டு ஒத்திகை பார்த்த ஒரு தந்திரத்தின் விளைவே: டிக்கி ஓவன் வலப்பக்கம் ஓடி எதிரிகளை அங்கே இழுத்துவிட்டு, திடீரென இடப்பக்கம் பந்தைத் திருப்பி அனுப்பினார். பாட்டு இல்லாவிட்டாலும் இந்தத் தந்திரம் பலித்திருக்கலாம்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1953க்குப் பின் வேல்ஸ் நியூசிலாந்தை ஒரு முறைகூட வென்றதில்லை. பாட்டு அதே பாட்டு, கூட்டம் பெருகியது, மைதானத்துக்குக் கூரையும் வந்தது. வெற்றிதான் வரவில்லை.

கூட்டமும் கூரையும்

கூரை என்றதும் என் பாடத்துக்குத் திரும்பிவிடத் தோன்றுகிறது. கார்டிஃபில் 1999இல் திறக்கப்பட்ட புதிய மைதானத்தில் ஏறத்தாழ 74,000 பேர் அமரலாம். அதன் கூரையை வேண்டும்போது மூடலாம். 74,000 பேர் எழுப்பும் ஒலி 37,000 பேர் எழுப்புவதைப்போல் இரு மடங்கு கேட்குமா? கேட்காது. ஒலிச்செறிவு இரட்டித்தால் டெசிபெல் கணக்கில் கூடுவது மூன்றே மூன்று. நம் செவி அதை ஒரு சிறு வேறுபாடாகவே உணரும். பத்து மடங்கு கூட்டம் சேர்ந்தால்தான் பத்து டெசிபெல் கூடி, ஓசை ஏறக்குறைய இரட்டித்ததுபோல் தோன்றும். ஆகவே கூட்டத்தைப் பெருக்கிப் பெரும்பயன் இல்லை.

ஆனால் செவியின் கூர்மையையும் மறந்துவிடக் கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு வந்து விழுந்தாலே அதற்குக் கேட்கும். அப்படிப்பட்ட கருவிக்கு ஐம்பது வாட் ஒலி பெருவெள்ளம்!

திறந்த மைதானத்தில் அந்த வெள்ளத்தின் பெரும்பகுதி வானத்தை நோக்கிப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. கூரை மூடினால் அதில் பெரும்பகுதி எதிரொலித்துக் கீழே இறங்குகிறது. ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கி முழங்கும் என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் 1895ஐ ஒட்டி ஆராய்ந்தார். நாற்காலி மெத்தைகளை அறைக்குள் கொண்டுவந்தும் வெளியே எடுத்தும், கடிகாரத்தை வைத்து அளந்தார். கொள்ளளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். மனித உடலும் ஆடையும் நல்ல உறிஞ்சிகள். மைதானத்தில் முழக்கத்தை எழுப்புவதும் மக்கள், அதை விழுங்குவதும் மக்கள்!

கார்டிஃபில் கூரையை மூட வேண்டுமானால் இரு அணிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. மழை, ஈரத் தரை என்ற காரணங்களும் உண்டு. எனினும் வருகிற அணி "திறந்தே இருக்கட்டும்" என்று சொன்னதுண்டு.

பாடுவதில் வேறொரு சிக்கல். ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தான் செல்லும். ஒரு கோடியிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளியுள்ள மறுகோடியை அடைய அரை வினாடிக்கு மேல் ஆகிறது. எதிர்ப்புறத்தார் பாடுவதைக் கேட்டு நாம் பாடினால் அரை வினாடி பின்தங்குவோம். நம்மைக் கேட்டு அவர்கள் பாடினால் மேலும் பின்தங்குவார்கள். துரித நடைப் பாட்டானால் குளறுபடிதான். நீண்ட சுரங்களைக் கொண்டு நிதானமாகச் செல்லும் பாட்டில் அரை வினாடிப் பிழை அவ்வளவாகத் தெரியாது. தேவாலயங்களில் கூடிப் பாடிப் பழகிய வேல்ஸ் மக்களின் நெடிய மெட்டுகள் மைதானத்துக்குப் பொருந்தியது இதனாலும் இருக்கலாம் என்பது என் ஊகம்.

மௌனமும் ஓர் ஆரவாரம்

அயர்லாந்தின் லிமரிக் நகரில் தோமண்ட் பார்க் என்ற மைதானம் உண்டு. மன்ஸ்டர் மாகாண அணியின் தாய்வீடு. 1978 அக்டோபர் 31 அன்று ஏறத்தாழ 12,000 பேர் முன்னிலையில் இந்த மாகாண அணி நியூசிலாந்து தேசிய அணியையே 12-0 என்று வீழ்த்தியது. ஐரோப்பியக் கோப்பைப் போட்டி தொடங்கிய 1995 முதல் 2007 ஜனவரி வரை, அந்தப் போட்டியில் இங்கு வந்த எந்த அணியும் மன்ஸ்டரை வென்றதில்லை.

அங்கே ஒரு வழக்கம். கம்பங்களுக்கிடையே உதைக்க ஒருவர் பந்தைத் தரையில் வைத்ததும் மைதானம் முழுவதும் அடங்கிவிடும். தம் அணியினருக்கு மட்டுமன்று, எதிரணியினருக்கும் அதே மரியாதை. மரியாதைதான், ஆனால் உதைக்கப் போகிற வெளியூர்க்காரரை எண்ணிப் பாருங்கள். அதுவரை இடைவிடாத இரைச்சலில் இருந்த செவிக்குத் திடீரென ஒன்றுமே இல்லை. தன் மூச்சு தனக்கே கேட்கிறது. ஆயிரக்கணக்கான கண்கள் தன்மேல். இரைச்சலில் ஒளிந்துகொள்ள இடமுண்டு, மௌனத்தில் இல்லை.

எல்லா ஊரிலும் உள்ளூர்க் கூட்டம் உள்ளூர் அணியின் பக்கம் நின்றதும் இல்லை. இனவெறி ஆட்சி நடந்த காலத்துத் தென்னாப்பிரிக்காவில் ரக்பி வெள்ளையரின் பெருமைச் சின்னமாக இருந்தது. கறுப்பின மக்களைத் தனி அடைப்பில் நிறுத்துவார்கள். அவர்கள் அங்கிருந்து வந்திருக்கும் எதிரணிக்குக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் அவர்களுக்கு வாய்த்த எதிர்ப்புக் குரல். 1995 ஜூன் 24 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதியாட்டம். அதிபர் நெல்சன் மண்டேலா அதே தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டையை அணிந்து மைதானத்துக்குள் வந்தார். முதுகில் தலைவர் பியனாரின் எண் 6. பெரும்பாலும் வெள்ளையர் நிறைந்த கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தைக் கூடுதல் நேரத்தில் 15-12 என்று வென்றது. அந்த நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதையும், மெலிந்த காற்று பழகாதவரை இளைக்கச் செய்யும் என்பதையும் இயற்பியல் ஆசிரியன் சொல்லாமல் விடக்கூடாது.

ஆளில்லா மைதானம்

ஆரவாரத்தின் பலனை அறிய ஆரவாரத்தை நீக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சோதனையை யார் அனுமதிப்பார்கள்? கொரோனா நோய் அனுமதித்தது. 2021ஆம் ஆண்டின் ஆறு நாடுகள் போட்டி வெற்று மைதானங்களில் நடந்தது. 15 ஆட்டங்களில் சொந்த மைதானத்து அணிகள் வென்றவை 7. வெளியூர் அணிகள் 8. கூட்டம் நிரம்பியிருந்த 2018இலோ சொந்த அணிகள் 15இல் 11 வென்றிருந்தன.

"பார்த்தீர்களா சார்!" என்றார் என் மாணவர். நான் 2019இன் முடிவுகளைக் காட்டினேன். அப்போதும் மைதானங்கள் நிரம்பித்தான் இருந்தன. சொந்த அணி 7, வெளியூர் அணி 7, சமன் 1. ஏறக்குறைய வெற்று மைதானத்துக் கணக்கேதான்!

ஒரு நாணயத்தைப் பதினைந்து முறை சுண்டிப் பாருங்கள். ஏழோ எட்டோ தலை விழும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் நூறு பேர் இதைச் செய்தால் ஏறத்தாழ ஆறு பேருக்குப் பதினொன்றோ அதற்கு மேலோ விழும். ஆகவே 11க்கும் 7க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். கால்பந்தில் அவை கிடைத்தன. ஆளில்லாத நாள்களில் சொந்த மைதானத்தின் சாதகம் பொதுவாகக் குறைந்தது, முற்றிலும் மறைந்துவிடவில்லை. வெளியூர் அணியினருக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவதும் குறைந்தது.

இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆரவாரம் ஆட்டக்காரரின் காலைவிட நடுவரின் காதைத்தான் அதிகம் தொடுகிறதோ? இங்கிலாந்தில் ஆலன் நெவிலும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் படத்தைக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் ஒலியுடன், சிலருக்கு ஒலியில்லாமல். ஒலியைக் கேட்டவர்கள் சொந்த அணிக்கு எதிராகத் தவறு என்று அறிவித்தவை 15.5 சதவீதம் குறைவு.

ரக்பி நடுவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1871இல் எடின்பரோவில் நடந்த முதல் பன்னாட்டு ஆட்டத்தில் ஸ்காட்லாந்து பெற்ற ஒரு டிரை பெரும் தகராறில் முடிந்தது. அன்றைய நடுவர்களில் ஒருவர் ஆல்மண்ட் என்ற தலைமையாசிரியர். தாம் சொன்ன தீர்ப்புச் சரியா என்று தமக்கே தெரியாது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஐயம் வந்தால் அதிகம் கூச்சலிடும் பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிடலாம், அவர்கள் பக்கம்தான் பிழை இருக்கும் என்பது அவர் கருத்து!

கல்கத்தா கோப்பையிடம் வருகிறேன் என்றேன் அல்லவா? லண்டனில் டிவிக்கனம் மைதானத்தில் ஸ்காட்லாந்து 1983க்குப் பின் வென்றதே இல்லை. 2021 பிப்ரவரியில், ஒருவருமில்லாத அந்த மைதானத்தில் 11-6 என்று வென்று வெள்ளி ரூபாய்க் கோப்பையை மீட்டது. காரணம் வெற்று இருக்கைகளே என்று பலர் நினைத்தார்கள். 2023இல் மைதானம் நிரம்பி வழிந்தது. ஸ்காட்லாந்து அங்கே மீண்டும் வந்து 29-23 என்று வென்றது. என் மாணவர் இந்த இரண்டு எண்களையும் தம் நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறார்.