ஆற்றுப் படகும் அதன் எஞ்சினும்



ஜொகூரில் ரயில் வருமுன் ஆறுதான் சாலை. 1844 முதல் 'சூராட் சூங்கை' என்னும் ஆற்றுப் பத்திரம் பெற்ற சீனர்கள், ஆற்றோரங்களில் மிளகும் கம்பிரும் பயிரிட்டனர். அவ்விடங்களைக் கங்கார் என்றனர். கங்கார் பூலாய் என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. 1909இல் ஜொகூர் பாரு வரை தண்டவாளம் போட்டு முடிந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகின, நம்மவர்கள் வந்து சேர்ந்தனர், ஆற்றுவழி பின்னுக்குப் போயிற்று. ஆனால் வெள்ளம் வந்துவிட்டால் மறுபடியும் படகுதான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியபோது இதைக் கண்டோம்.

அதே 1909இல்தான் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ருட் என்பவர், படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டு வந்தார். நார்வேயில் பிறந்து, சிறு வயதில் கப்பலேறியவர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் நாமும் அல்லவா? டிட்ராயிட்டில் கேமரன் வாட்டர்மன் அவருக்கு முன்பே இத்தகைய எஞ்சினைச் செய்திருந்தார். பெயர் நிலைத்தது எவின்ருட்டுக்கே. மலாய்க்காரர்கள் இதை 'எஞ்சின் சங்குட்', அதாவது தொங்கும் எஞ்சின் என்பார்கள். 1960இல் யமாஹாவும் இத்தொழிலில் இறங்கியது.

இந்த எஞ்சினுக்கு ஒரு பழைய நோய் உண்டு. வேகமாக ஓடும், கரையை நெருங்கி விசையைக் குறைத்ததும் 'டப்' என்று நின்றுவிடும். இதைச் சிறிய கோளாறு என்று தள்ள முடியாது. எஞ்சின் தள்ளும் நீர்தான் படகைத் திருப்புகிறது. அது நின்றால் சுக்கானும் இல்லை. வெள்ளத்தில், பிள்ளைகளை ஏற்றிய படகை நீரோட்டம் இழுத்துப் போகும்.

காரணம் 1893 வரை செல்கிறது. அவ்வாண்டு ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், மிதவைக் கிண்ணமும் நுண்துளையும் கொண்டு பெட்ரோலைத் தூவலாக்கும் கார்புரேட்டரை அமைத்தார். வேகத்திற்கு ஏற்ற துளை மெதுவோட்டத்திற்குப் பொருந்தாது. ஆகவே பின்னர் அதற்கென மிகச் சிறிய தனித்துளை வைத்தனர். விசையைக் குறைத்ததும் எஞ்சின் உயிர் வாழ்வது அந்தத் துளையை நம்பித்தான்.

அந்தக் காலத்துக் கேஸ் விளக்கு நினைவிருக்கிறதா? நிப்பிளில் கரி அடைத்தால் ஊசி குத்துவோமே, அதே கதைதான். வெள்ளப் படகின் எஞ்சின் மாதக்கணக்கில் ஸ்டோரில் கிடக்கிறது. பெட்ரோல் ஆவியாகிறது, பிசின் தங்குகிறது, முதலில் அடைபடுவது சிறு துளை.

பலர் செய்யும் தவறு, திருகைத் திருகி மெதுவோட்டத்தையே வேகமாக்குவது. நோய் மறையும், தீராது. கியர் போடும்போது படகு துள்ளும். நிற்கப்போகும் நேரத்தில் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். எஞ்சின் பிழைத்துக்கொண்டால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். துளையைக் கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, காற்றால் ஊதுங்கள். கம்பி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். பிளக் நனைந்து கறுத்திருந்தால் கோளாறு வேறு: பெட்ரோல் மிகுதி, அல்லது எண்ணெய்க் கலவை மிகுதி. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இன்று பெரிய எஞ்சின்களில் கார்புரேட்டரே இல்லை. மின்னணுக் கருவி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் அது இன்னும் உண்டு. தோட்டத்துப் புல்வெட்டும் மிஷினிலும் இருக்கிறது. பழகிப்பார்க்க அதுவே போதும். படகு எஞ்சினை ஸ்டோரில் வைக்குமுன், அதன் அடிப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை விடுங்கள். நவம்பர் பிறக்குமுன் ஒருமுறை எடுத்து, மெதுவோட்டத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.