சட்டனூகா: ஊரைக் கேட்டுப் போட்ட திட்டம்

1969-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில் வால்டர் கிரான்கைட் ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னார். நாட்டிலேயே மிக அழுக்கான காற்று அங்கேதான் இருக்கிறது என்றார். டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டனூகா என்ற ஊர் அது. மகன் அட்லாண்டாவில் இருப்பதால் இரண்டு முறை அங்கே போய்வர வாய்ப்புக் கிடைத்தது. காரில் இரண்டு மணி நேரப் பயணம். போய் வந்த பிறகு அந்த ஊரின் கதையைத் தேடிப் படித்தேன். நகராட்சி அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இதில் தனி ஆர்வம் உண்டு.

ஆறும் ரயில் பாதைகளும் கூடும் இடத்தில், மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர் இது. பவுண்டரிகள், பாய்லர் தொழிற்சாலைகள், நூற்பாலைகள் என்று நம் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பழக்கமான தொழில்கள்தான் அங்கும். கொகோ கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை 1899-இல் ஒரே ஒரு டாலருக்கு வாங்கியவர்களும் இந்த ஊர் வக்கீல்கள் இருவர்தான். அந்தத் தொழிலில் சேர்ந்த பணம் பின்னால் இந்தக் கதைக்குள் வரப்போகிறது.

சுற்றிலும் மலை என்பதால் புகை வெளியே போக வழியில்லை. பகலிலேயே வண்டிகளுக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம். செய்தியில் அடிபட்ட அந்த ஆண்டே கடுமையான காற்று மாசுச் சட்டம் வந்தது. ஆலைகளுக்கு 1972 வரை கெடு. புகை குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஆலைகளே ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தன. நகர மையத்தில் கடைகள் காலியாயின. 1980-இல் ஒரு லட்சத்து எழுபதாயிரத்தை ஒட்டி இருந்த மக்கள்தொகை, அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

வேலை மட்டுமா போயிற்று? 1980 ஏப்ரலில் கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் காரில் வந்து சுட்டதில் கறுப்பினப் பெண்கள் ஐவர் காயமடைந்தனர். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி மூவரில் இருவரை விடுவித்தது. கலவரம் வெடித்தது. ஒருவரை ஒருவர் நம்பாத ஊரில் யார் வந்து முதல் போடுவார்கள்?

இந்த நிலையில்தான் 1984-இல் 'சட்டனூகா வென்ச்சர்' என்ற அமைப்பு தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது லிண்ட்ஹர்ஸ்ட் அறக்கட்டளை. நான் முன்னே சொன்ன கொகோ கோலாப் புட்டிப் பணம்தான் அது. கையில் பணம் இருக்கிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஒரு நிபுணரை அழைத்துத் திட்டம் போடச் சொல்வார்கள். அச்சடித்த புத்தகம் வரும். அதற்குப் பிறகுதான் ஜனங்களுக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகத்திலும் அந்த முறைதான். வரைபடம் முடிந்து, மதிப்பீடு முடிந்து, மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கிய பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவோம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம் என்று போட்டிருக்கும். எழுதித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தம் வீடு இடிபடப் போகிறவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு வரைபடத்தை மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

சட்டனூகாவில் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். 'விஷன் 2000' என்ற பெயரில் இருபது வாரம் பொதுக் கூட்டங்கள் நடந்தன. வேலை, இடங்கள், மக்கள், பொழுதுபோக்கு, அரசு நிர்வாகம் என்று பொருள் பிரித்துக்கொண்டு, '2000-ஆம் ஆண்டில் உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்டார்கள். 1,700 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். சொன்னதையெல்லாம் முதலில் எழுதிக்கொண்டு, பிறகு தொகுத்து 40 இலக்குகளாக்கினார்கள்.

அந்தப் பட்டியலில் ஆற்றங்கரைச் சீரமைப்பு இருந்தது. வீட்டு வசதி இருந்தது. கணவனிடம் அடிபடும் பெண்களுக்கு ஒரு தங்குமிடமும் இருந்தது. ஊரின் பொருளாதாரத்தை நிமிர்த்த வந்த எந்த நிபுணரும் இதைத் தம் அறிக்கையில் எழுதியிருக்க மாட்டார். அந்த ஊரில் குடியிருப்பவர்தான் கேட்டிருப்பார். அந்தத் தங்குமிடமும் கட்டப்பட்டது.

1986-இல் குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளைப் பழுதுபார்க்கவும், வீடு வாங்கக் கடன் கொடுக்கவும் தனி நிறுவனம் தொடங்கினார்கள். 1992-இல் ஆற்றங்கரையில் நன்னீர் உயிரினங்களுக்கான பெரிய காட்சியகம் திறந்தது. நாலரைக் கோடி டாலர் செலவு. முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சுற்றியிருந்த கிடங்குகள் உணவகங்களாயின. நகர மையத்தில் கட்டணமில்லா மின்சாரப் பேருந்து ஓடத் தொடங்கியது. 1993-இல் மறுபடியும் ஊரைக் கூட்டி அடுத்த சுற்று இலக்குகளைக் கேட்டார்கள். 2010-இல் நகரத்துக்குச் சொந்தமான மின் நிறுவனமே வீடு வீடாக அதிவேக இணையம் கொடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. இப்போது மக்கள்தொகை 1,80,000-ஐத் தாண்டிவிட்டது.

இதோடு நிறுத்தினால் இது விளம்பரப் பிரசுரம் மாதிரி ஆகிவிடும். கூட்டத்துக்கு வர நேரம் இருந்தவர்கள்தானே வந்தார்கள்? இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிற அம்மாவால் வர முடிந்திருக்குமா? கேட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பணம் ஒரு பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளையிலிருந்து வந்தது. ஆற்றங்கரை அழகான பிறகு வாடகை ஏறியது. அண்மைக் கணக்கெடுப்புகளில் நகரத்தில் கறுப்பின மக்களின் விகிதம் குறைந்திருக்கிறது.

கூட்டம் போட்டுக் கேட்பது வேறு, ஓட்டுக்கு மதிப்பு இருப்பது வேறு. ஊரே கூடிப் பேசிய அந்த 1984-இல்கூட நகர ஆணையர்களை முழு நகரமும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தது. கறுப்பினத்தவர் பகுதிக்கென்று தனிப் பிரதிநிதி கிடையாது. குடிமக்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். இந்த முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. 1990-இலிருந்து ஒன்பது வட்டங்களாகப் பிரித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கணக்கில் காட்சியகத்தைவிட இது பெரிய கட்டுமானம். சுற்றுலாப் பிரசுரங்களில் இதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

வால்நட் தெருப் பாலத்தையும் சொல்ல வேண்டும். 1891-இல் கட்டிய இரும்புப் பாலம். பழுதாகி 1978-இல் மூடிவிட்டார்கள். இடிக்கத்தான் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. இடிக்க வைத்திருந்த பணத்தையும் சேர்த்துப் பழுதுபார்த்து, 1993-இல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று திறந்தார்கள். முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். நான் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் என் வயசுக்காரர்களும் நிறைய பேர் இருந்தார்கள்.

தெற்கு முனையில் ஒரு நினைவிடம் இருக்கிறது. 1906-இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து இதே பாலத்தில் தூக்கிலிட்டது. அவருடைய மரண தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்திருந்த நேரம் அது. 2000-இல்தான் அந்தப் பழைய தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. பாலத்தைக் காப்பாற்றிய தலைமுறை இந்தக் கதையைப் பலகையில் எழுதவில்லை. ஊர் மக்களே குழுவாகச் சேர்ந்து பல ஆண்டுகள் முயன்று, 2021-இல் நினைவிடத்தைத் திறந்தார்கள்.

'ஊர் எப்படி இருக்க வேண்டும்?' என்று ஒரு முறை கேட்டால் போதாது போலிருக்கிறது. முதல் முறை வராதவர்களும், வந்தும் வாய் திறக்காதவர்களும் இருப்பார்கள். அவர்கள் பேசும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சட்டனூகா அதில் பாதி வழி வந்திருக்கிறது. நாங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைவிட அது வெகு தூரம்.